முந்திக்கொண்டு சிரித்த அக்கா

இன்றும் யாரும் சிரிக்காவிட்டால் இனி மேடை கிடையாது என்று காமெடி கிளப் முதலாளி சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு ஜோக் சொல்ல வந்த எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் சிரிப்பதற்கென்றே அக்காவைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். வீட்டில் அவளிடம்தான் ஒத்திகை பார்ப்பேன். அதுவே வினையானது. நான் பாதி சொல்வதற்குள் முடிவு தெரிந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மற்றவர்கள் அவளை முறைத்தார்கள்.

"அக்கா, நான் இன்னும் ஜோக்கே சொல்லலையே!"

"சீக்கிரம் சொல்லித் தொலைடா. எத்தனை தடவைதான் புதுசா கேக்குற மாதிரியே நடிக்கிறது?"

அறையே அதிர்ந்தது. எழுதி வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்க அவளோடு சண்டை போட்டேன். சிரிப்பு ஓயவில்லை.

"அடுத்த வாரமும் வாப்பா," என்றார் முதலாளி. "அக்காவை வீட்ல விட்டுட்டு வா, பாப்போம்."

நான் எழுதி வைத்த ஜோக்குக்கு அங்கே இதுவரை யாரும் சிரித்ததில்லையே என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.