சுவர்மேல் வைத்த சோறு

சனிக்கிழமை காலையில் பரமேஸ்வரன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை முனகியது. அடுத்த முறை அந்த முனகலும் இல்லை. விமான நிலையத்துக்குப் போக வேண்டிய பயணி கைப்பேசியில் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். "சோரி பாஸ், காடி ஸ்டார்ட் ஆகல. வேற ஆள் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

மலேசியாவின் கிள்ளான் நகரில், தாமான் எனப்படும் குடியிருப்பு ஒன்றின் வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு வாடகைக்கார் ஓட்டித்தான் பிழைப்பு. கார் ஓடினால் அவர் காசில் அடுப்பெரியும். ஓடாவிட்டால், கிளினிக்கில் வேலை பார்க்கும் மகள் தாமரையின் சம்பளத்தில் கை வைக்க வேண்டும். அதைவிட வெட்கக்கேடு அவருக்கு வேறில்லை.

வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் லோகன் வந்து முன்மூடியைத் திறந்தான். போன மாதம்தான் மாற்றிய ஒயர்கள் மறுபடியும் கடிபட்டுக் கிடந்தன.

"எலிதான் அண்ணே. உள்ள கூடே கட்டியிருக்கு லா. பக்கத்துல எங்கயோ நல்ல சாப்பாடு கெடைக்குது, அதான் போக மாட்டேங்குது."

"எங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் பரமேஸ்வரன், பக்கத்து வீட்டைப் பார்த்தபடி.

பக்கத்து வீட்டில் அமுதவள்ளி இருந்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. தெருவில் திரிந்த இரண்டு பூனைகளுக்கு வாசலில் சோறு வைத்துப் பழக்கியிருந்தார். பரமேஸ்வரன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டார்.

"அமுதா, நீ பூனைக்குப் போடுற சாப்பாட்டுக்குத்தான் எலி வருது. என் காடி ஒயரெல்லாம் போச்சு."

"அண்ணே, பூனை தின்னு முடிச்சதும் தட்டக் கழுவி உள்ள எடுத்துருவேன். உங்க சுவத்துக்குப் பின்னால கொஞ்சம் எட்டிப் பாருங்க."

அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்து உன் வாலில் ஓட்டை என்று சொன்ன சல்லடையும் தன்னைத் திரும்பிப் பார்த்திருக்காது.

கார் நிற்கும் இடத்தருகே, கால்வாயை ஒட்டிய அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. அவர் மனைவி குமுதா இறந்ததிலிருந்து தினமும் காலையில் அதன்மேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். முதலில் ஒரு கைப்பிடி வைத்தார். ஒரு கால் விரல்கள் மடங்கிப்போன காகம் ஒன்று நாள் தவறாமல் வர ஆரம்பித்ததும், கைப்பிடி ஒரு தட்டானது. குமுதாவுக்குப் பிடிக்கும் என்று மசால் வடையும் சேர்ந்துகொண்டது. "நேத்து சுபாங் ஜெயாவுல ஒரே ஜாம் குமுதா" என்று காகத்திடம் சொல்லிவிட்டுப் போனால் அன்றைய பொழுது அவருக்கு ஓடிவிடும்.

ஒற்றைக் காகம் எவ்வளவுதான் தின்னும்? மிஞ்சியதைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்க அவருக்கு மனம் வராது. இறந்தவளுக்கு வைத்தது ஆயிற்றே. கையால் வழித்துச் சுவருக்குப் பின்னால், கால்வாய் ஓரம் தள்ளிவிடுவார். அந்த அன்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் படையல் எது, மிச்சம் எது என்று எலி விசாரித்துக்கொண்டு வருவதில்லை.

அன்று மாலையே கடையில் நீல நிற எலி மருந்து வாங்கி வந்தார். டயருக்கு அடியில் தூவினார்; சுவருக்கு மேலே கைநீட்டிக் கால்வாய் ஓரத்திலும் தூவினார். தாமரைக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா, பக்கத்து வீட்டுப் பூனை தின்னா என்ன பண்றது?"

"தின்னட்டும். எலியும் போவும், சண்டையும் போவும்."

அவர் கெட்டவர் அல்லர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனும் இப்படி ஓர் அலுப்பில்தான் கொளுத்தியிருப்பான்.

மருந்து வேலை செய்தது. கார் காலையில் ஒழுங்காகக் கிளம்பியது. செத்த எலி கண்ணில் பட்டால் துடைப்பத்தால் அள்ளிச் சுவரைத் தாண்டிக் கால்வாய்ப் பக்கம் வீசிவிட்டு, பரமேஸ்வரன் நிம்மதியாக வண்டி ஓட்டினார். பக்கத்து வாசலில் பூனைகளைக் காணோம் என்பதைக் கவனித்தார். கவனிக்காததுபோல் இருந்துகொண்டார்.

அடுத்து வந்தது குமுதாவின் திதி. தாமரை விடுப்பு எடுத்துக்கொண்டு சமைத்தாள். வாழையிலையில் சோறும் வடையும் பாயசமும் வைத்து, பரமேஸ்வரன் சுவரருகே நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். மின்கம்பியில் காகங்கள் கூட்டமாக உட்கார்ந்து கத்தினவே தவிர, ஒன்றும் இறங்கவில்லை. எல்லாம் சுவருக்குப் பின்னால் பார்த்தே கத்தின. அவர் சுற்றிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் அவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

காய்ந்ததும் ஊறியதுமாகச் சோறு அடைந்து கிடந்தது. வடைத் துண்டுகள் பூசணம் பிடித்திருந்தன. அதற்குள்ளேயே வரிசையாக எலி வளைகள். நடுவில், பாதி கொத்தப்பட்ட ஒரு செத்த எலி. அதன் பக்கத்தில் அந்தக் காகம் மல்லாந்து கிடந்தது. அதன் ஒரு கால் விரல்கள் மடங்கியிருந்தன. அவர் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அமுதவள்ளி பழைய செய்தித்தாளோடு வந்தார். காகத்தைத் தாளில் சுற்றினார்.

"அவளுக்கு வச்ச சோத்துல நானே எலிய வளர்த்திருக்கேன். நானே மருந்தும் வச்சிருக்கேன்" என்றார் பரமேஸ்வரன்.

"வெஷத்துக்கு எலி எது, காக்கா எதுன்னு தெரியுமாண்ணே?"

"உன் பூனைங்க?"

"மருந்தப் பாத்த அன்னைக்கே வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன்."

அவர் தலை நிமிரவில்லை. "தின்னட்டும்னு சொன்னேன் அமுதா."

"கேட்டுச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதானே" என்றார் அமுதவள்ளி. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரமேஸ்வரனுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

அன்று அவர் வண்டியை எடுக்கவில்லை. காகத்தை வேலி ஓரம் புதைத்தார். கையுறை மாட்டிக்கொண்டு மருந்தையெல்லாம் பொறுக்கினார். சோற்றை அள்ளிக் கட்டி, வளைகளைக் கல்லும் சிமெண்டும் போட்டு அடைத்து, கால்வாயைத் தேய்த்துக் கழுவினார். அமுதவள்ளி அந்தப் பக்கமிருந்து குழாயை நீட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை சுவர்மேல் ஒரு கைப்பிடிச் சோறு மட்டும் ஒரு தட்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். வெகுநேரம் கழித்து வேறு இரண்டு காகங்கள் வந்தன. தின்றுவிட்டுப் பறந்ததும், மிஞ்சிய பருக்கைகளோடு தட்டை எடுத்து, ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார். வேலைக்குக் கிளம்பிய தாமரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மாவுக்கு வச்சத திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்லுவீங்களே?"

பரமேஸ்வரன் துணியைப் பிழிந்தார்.

"வைக்கிறது மட்டும் படையல் இல்லம்மா. மிச்சத்த எடுத்துச் சுத்தம் பண்றதும் அதுல சேர்ந்ததுதான். நம்ம வாசல்ல எலி வந்தா அடுத்த வீட்டப் பாக்குறதுக்கு முன்னாடி, நாம என்ன கொட்டுறோம்னு பாக்கணும். அதப் பாக்காம வெஷத்த வச்சேன். அது யாரு வயித்துக்குப் போகும்னு வச்ச எனக்கே தெரியல."