இரண்டு கிலோ கழிவு

1976 ஆனி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, வாழவந்தி மிஷன் டிஸ்பென்சரியில் எடை போடத் தொங்கவிட்ட ஏழு மாதக் குழந்தையிடமிருந்து தராசு அதன் காய்ச்சலைக் கழித்துக்கொண்டது. அந்த வாரம் ஏற்காட்டில் கமலா ஆரஞ்சு வரத்து குறைவு. மலைப்பாதையில் ஒரு பஸ் பழுதாகி நின்றது. வேறு விசேஷம் இல்லை. குழந்தையின் எடை சரியாகத்தான் இருந்தது. காய்ச்சல் மட்டும் போய்விட்டது. நர்ஸ் அமலி தெர்மாமீட்டரை மூன்று முறை உதறிவிட்டு, அடுத்த குழந்தையைத் தூக்கித் தொங்கவிட்டாள்.

தராசு கொட்டச்சேடு காளியப்பனுடையது. எஸ்டேட் தராசுகளைப் பழுது பார்ப்பவர் அவர். காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் கூடையைக் கொண்டுவந்து மாட்டினால், கூடைக்கென்று இரண்டு கிலோ கழிவு போட்டுத்தான் எஸ்டேட் ரைட்டர் கணக்கு எழுதுவார். கூடையோ முக்கால் கிலோகூட இருக்காது. ஒவ்வொரு தடவையும் பெண்களோடு வாய்ச்சண்டை போட்டுச் சலித்த எஸ்டேட் துரை, முள்ளே கழித்துக் காட்டுகிற மாதிரி சுருள்வில்லை முறுக்கிவிடச் சொன்னார். காளியப்பன் முறுக்கிக் கொடுத்தார். பதினோரு வருஷம் கழித்து எஸ்டேட்டுக்குப் புதுத் தராசு வந்ததும் பழசை அவருக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளை எடை போட ஒரு தராசு வேண்டுமென்று அமலி கேட்டபோது, அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, துணித் தொட்டில் மாட்டி இரவல் கொடுத்தார். வில்லின் முறுக்கை எடுக்க மட்டும் மறந்துவிட்டார். பதினோரு வருஷம் கழித்தே பழகிய தராசு. வாழவந்திப் பிள்ளைகளின் உடம்பில் கழிப்பதற்குச் சதை ஏது? இருந்தது நோய்; அதைக் கழித்தது.

கழிவு காற்றில் கரைந்துவிடவில்லை. எஸ்டேட்டில் கழித்ததெல்லாம் தராசுக்குச் சொந்தக்காரருக்குப் போய்ச் சேரும். இங்கேயும் அப்படியே. அன்று சாயங்காலம் காளியப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த மூன்று வருஷத்தில் அவருக்கு நாலு தடவை தட்டம்மை போட்டது. நாற்பத்தாறு வயதில் கக்குவான் இருமல் வந்தது. எல்லாவற்றையும்விட, பல் முளைக்கிற வேதனையில் எச்சில் ஒழுகிக்கொண்டு அழுவதுதான் அவருக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. மாரமங்கலத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அமலி ஒருநாள் தராசைப் பூட்டி வைத்துப் பார்த்தாள். வாசலில் ஒரு குழந்தை மூச்சு இழுத்ததும் பூட்டைத் திறக்கச் சொன்னவர் காளியப்பன்தான். அவர் மனைவி கண்ணாயி இரண்டு மாதம் புருஷனோடு பேசவில்லை. பிறகு டிஸ்பென்சரிக்கு நேராகப் போய், “ஏனுங்க சிஸ்டர், ஊர்ப் பிள்ளைக எல்லாம் குண்டாயிருச்சு. எங்க ஊட்டுல ஒருத்தர் குச்சியாயிட்டாரு. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டாருங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டாள்.

புது மருத்துவக் கருவிகள் உண்டாக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் ஆராய்ச்சி மானியம் தருகிறது என்ற விளம்பரத்தை அமலி பார்த்தது அந்த வாரந்தான். கழிவை ஆள்மேல் விழாமல் வேறெங்காவது தள்ளிவிட ஆராய்ச்சியில் வழி கிடைக்காதா என்பது அவள் ஆசை. கம்பெனி வேண்டுமே, காளியப்பனும் கண்ணாயியும் பங்குதாரர்களாக ஒரு கம்பெனி பதிவானது. தொழிற்கூடம், மாட்டுக் கொட்டகையில் பாதி. ‘நோயாளியிடமிருந்து எடுக்கும் கழிவைப் பத்திரமாக அப்புறப்படுத்த வழி காண்பது’ என்று அமலி தமிழில் எழுதிய விண்ணப்பத்தை, கழிவு என்றால் குப்பை என்று மட்டுமே அறிந்த ஒருவர் சென்னையில் மொழிபெயர்த்தார். டில்லியில் மருத்துவக் கருவி ஊக்குவிப்புத் துறையில் அந்த வருஷம் எல்லோரும் ஆஸ்பத்திரிக் குப்பையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கூட்டத்தில் மானியம் தேறியது.

நிபந்தனைகள் முப்பத்தொன்று. பதினாலாவது, ஆராய்ச்சி முடியும்வரை கருவி அரசாங்கத்தின் உடைமை. முடிந்ததும் கம்பெனிக்குத் திரும்பும். அதைக் காட்டும் அலுமினியத் தகட்டையும் தபாலில் அனுப்பியிருந்தார்கள். 1980 தை மாதம் காளியப்பன் இருமிக்கொண்டே அதைத் தராசில் வைத்து ஆணி அடித்தார். இரண்டாவது ஆணி இறங்கியபோது இருமல் பாதியில் நின்றது. அதே நேரத்தில் டில்லியில் அந்தத் துறையின் இயக்குநர், பட்ஜெட் கூட்டத்தின் நடுவே கக்குவான் இருமலோடு எழுந்து வெளியே போனார்.

ஆராய்ச்சி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று மூன்று பேருக்கும் புரிந்தது. முடிந்ததாக எழுதினால் தராசும் கழிவும் காளியப்பனுக்கே திரும்பி வந்துவிடும் என்பதும் புரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்னேற்றம் திருப்தி, முடிவு தொலைவில் என்று அமலி அறிக்கை அனுப்பினாள். மானியத்தில் பெரியவர்களுக்கென்று இரும்பு நாற்காலி ஒன்று தராசில் தொங்கியது. கழிச்சிட்டு வாரேன் என்று சொல்லி ஜனங்கள் பஸ் ஏறினார்கள். காளியப்பன் சதை போட்டார். டில்லியில் ஆறு வருஷத்தில் நாலு இயக்குநர்கள் மாறினார்கள். டில்லித் தண்ணீர் சரியில்லை என்று அங்கே டாக்டர்கள் சொன்னார்கள்.

1986இல், ஒரு கருவியும் வெளிவரவில்லையே என்று பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. எதையாவது முடித்துக் காட்டும்படி கிறிஸ்துதாஸ் என்ற அதிகாரியை மலைக்கு அனுப்பினார்கள். டில்லியில் உட்கார்ந்து இடுப்பைத் தொலைத்துக்கொண்ட நாசரேத்துக்காரர் அவர். ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு அவர் கொடுத்த மனு, இயக்குநர் மேஜையில் இரண்டு வருஷமாகக் கிடந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் அவர் இடுப்பிலேயே திரும்பின. சோதனைக்காக நாற்காலியில் உட்கார்ந்தவர் வலி இல்லாமல் எழுந்து, சந்தோஷத்தில் நிறைவுச் சான்றிதழை உடனே எடுத்தார்.

“வேண்டாமுங்க சார். இன்னும் நொம்ப வேலை பாக்கி இருக்குதுங்க” என்றார் காளியப்பன்.

அவ்வளவு தன்னடக்கம் கூடாது என்று சிரித்தபடி கிறிஸ்துதாஸ் கையெழுத்துப் போட்டார். காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்த காளியப்பன் அப்படியே மடங்கினார். தம்ளர் உருண்டது. எழுந்திரிக்க முடியாமல் தராசுத் தொட்டிலின் பக்கத்தில் கிடந்தார்.

கிறிஸ்துதாஸ் குனிந்து பார்த்தார். “எங்க வலிக்குது? இடது பக்கமா?”

“ஆமாங்க. இருமினா குதிகால் வரைக்கும் இழுக்குதுங்க.”

அந்த இழுப்பைக் கிறிஸ்துதாஸுக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். சான்றிதழைக் கோடு போட்டு அடித்துவிட்டால் இது எங்கே போகும் என்று கேட்டார்.

“கெவருமெண்டுக்குத்தானுங்க” என்றாள் கண்ணாயி.

“கவர்மென்ட்ல யாருக்கும்மா?”

“எஸ்டேட்டுல கழிச்ச பழம் என்னைக்கு ரைட்டர் ஊட்டுக்குப் போச்சுங்க? தொரை ஊட்டுக்குத்தான் போவும்.”

கிறிஸ்துதாஸ் இயக்குநர் மேஜையில் கிடக்கும் தன் மனுவை நினைத்துப் பார்த்தார். பிறகு சான்றிதழைக் குறுக்காக அடித்து, தேதி போட்டு, மேலும் ஏழு வருஷ ஆய்வு தேவை என்று அழகான கையெழுத்தில் எழுதினார். காளியப்பன் எழுந்து, உருண்ட தம்ளரை எடுத்துக் கழுவி வேறு காப்பி ஊற்றினார். சின்னக் கம்பெனிகளின் ஆராய்ச்சியில் அவசரம் கூடாது என்று அந்த அறிக்கையில் இருந்த வரி, பிற்பாடு வேறு பல அறிக்கைகளிலும் இடம்பெற்றது.

மாற்றல் வரவில்லை, பதவி உயர்வு வந்தது. 1993இல் கிறிஸ்துதாஸே இயக்குநர் ஆனார். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே இடுப்பு வலி திரும்பி வந்தது. பழைய ஆள்தானே என்று அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆனி மாதம் கொட்டச்சேடு தராசுக் கோப்பு மேஜைக்கு வந்தது. முடித்துவிடலாமா என்று கீழிருந்தவர்கள் குறித்திருந்தார்கள். அன்று காலையிலிருந்தே அவருக்கு ஈறு நமைச்சலாக இருந்தது. எச்சிலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் யாருக்கோ பல் முளைக்கிறது என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, ‘நீட்டிக்கலாம்’ என்று எழுதினார். ஒரு கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தார்.