குறுக்குக் கம்பி

இன்ஜினியர் அக்கா வரைகிற கட்டடப் படத்தில் இரும்பு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். எட்டு மில்லித் தகடு போதும் என்று கணக்கு சொன்னால் அவள் பத்து போடுவாள். அவள் வரைந்த ஷெட்டுகளைத் தளத்தில் ஏற்றி நிறுத்துவது தம்பியின் வேலை. "எங்கக்கா ஷெட்டுல ரயிலையே தொங்கவிடலாம். இரும்புக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்க வேண்டியவ" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இந்த முறை பழைய தொழிற்சாலையை ஒட்டி ஒரு கிடங்கு. முதலாளிக்கு இரும்பின் விலை மட்டும்தான் தெரியும். எடையைக் குறைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேலை கைவிட்டுப் போனால் தம்பிக்கும் போகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குறைத்தாள். விதிப்படி ஒரு தப்பும் இல்லை. வேண்டிய அளவு இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. படத்திலேயே இருக்கிறதே என்று தம்பியிடம் தனியாகச் சொல்லவில்லை.

தூண்களும் விட்டங்களும் நின்றாகிவிட்டன. கூரைத் தகடு போடவேண்டியதுதான் பாக்கி. மதியம் தம்பி போன் செய்தபோது ஆபீஸ் ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, முதலாளியோட மெஷின் வந்துடுச்சு. தூணுக்குத் தூண் பெருக்கல் குறி மாதிரி கம்பி போகுதில்ல, அதுல ஒரு ஜோடியைக் கழட்டித்தான் உள்ள விட்டோம். சாயங்காலம் மாட்டிடறேன்."

"யாரைக் கேட்டுடா கழட்டினே?"

"ஒரு ஜோடிதானேக்கா. நீதான் எப்பவும் கூட்டிப் போடுவியே."

"இந்தத் தடவை போடலை. காத்துக்குச் சாயாம பிடிக்கறதே அந்தக் கம்பிதான்டா."

மறுமுனையிலும் காற்று இரைந்தது.

"சொல்லவே இல்லையே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

"எல்லாரையும் கீழ இறக்கு. நீயும் வெளிய வந்துடு. எதையும் தொடாதே, நான் வரேன்."

"சரிக்கா."

அந்தச் சரியை நம்பித்தான் அவள் வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் அவனை என்ன திட்டுவது என்றே யோசித்துக்கொண்டு போனாள்.

கிடங்கின் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வேலையாட்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கிரேன் டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எங்களையெல்லாம் விரட்டிட்டாரும்மா. விழுந்தா எங்கக்கா பேருதான் கெடும், கம்பியை மாட்டிட்டு வந்துடறேன்னு அவரு மட்டும் திரும்பிப் போனாரு."

அவன்மேல் கிடந்த விட்டத்தைத் தூக்கியபோது கம்பியின் ஒரு முனை தூணில் மாட்டியிருந்தது. மறுமுனைக்கான போல்ட் அவன் கைக்குள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகு அம்மா கேட்டாள்.

"நீ கூடுதலாத்தான் போடுவேன்னு அவன் சொல்லிட்டே இருப்பானே. அவ்வளவு இரும்பு போட்டும் எப்படிடி விழுந்துச்சு?"

கம்பியைக் கழட்டினான் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"இந்தத் தடவை குறைச்சுட்டேம்மா."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றாள். "கடைசியில சொன்னேன்."