"நார்மல்" என்று எழுதிய குழாய்

ஆர்.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லின் படத்தை ஆராய்ச்சிக்காரி விளக்கருகே பிடித்து மறுபடி பார்த்தாள். நோயாளியின் வரிசையில் மட்டுமல்ல, "நார்மல்" என்று குறித்த வரிசையிலும் அதே கோளாறு. அந்த வரிசையில் ஓடியது அவளுடைய ரத்தம்.

ஆய்வகத்தில் உள்ள வழக்கம்தான். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும். யார் கை சும்மா இருக்கிறதோ அவர் நீட்டிவிடுவார். போன வாரம் அவள் நீட்டினாள். தனக்கென்ன கேடு என்ற மிதப்பு, வேறென்ன!

நம் செல்லின் உட்கருவில், மரபணுவைப் பார்த்து நீளமாக ஓர் ஆர்.என்.ஏ. இழை உருவாகிறது, கொண்டை ஊசிபோல் மடங்குகிறது. ஒரு கத்தரி அங்கேயே அதன் வாலை நறுக்கிவிடும். உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற இரண்டாவது கத்தரி வளைவை வெட்டி எறியும். மிஞ்சுகிற இருபத்திரண்டு எழுத்துத் துண்டுதான் மற்ற மரபணுக்களின் வாயை அடக்குகிறது. டைசர் பழுது பரம்பரையாக இறங்கும் குடும்பங்களில் சின்னக் குழந்தைகளின் நுரையீரலில் கட்டி வரலாம்.

படத்தில் கொண்டை ஊசிகள் குவிந்து கிடந்தன. குட்டித் துண்டு பெயருக்குத்தான் இருந்தது. அவள் மகளுக்கு நாலு வயது. பத்து நாளாக இருமல். அதற்காகத்தான் நேற்று வரை மூன்று நாள் விடுப்பில் இருந்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கும் இருந்துட்டா என்ன பண்ணுவேன்?"

மூத்த டெக்னீஷியன் சிரித்தார். "ஒரு படத்தைப் பாத்துட்டு ஊரைக் கூட்டாதம்மா. மறுபடி ஓட்டிப் பாப்போம்."

ஓட்டினார்கள். அவள் இருப்புக் கொள்ளாமல் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தாள். அதே படம்தான் வந்தது.

அவர் குழாயை எடுத்துத் தேதியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது உன்னோடது இல்லம்மா. நீ லீவுல இருந்தப்போ உன் குழாய் கை தவறி உடைஞ்சிருச்சு. வேலை நிக்கக் கூடாதேன்னு என் ரத்தத்தை எடுத்து வச்சேன். சொல்லவே மறந்துட்டேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்து பிடுங்கித் தின்றது. அவர் மகளுக்கு இது ஏழாம் மாதம்.

"ஏம்மா, ஜெல்லை நாம தப்பா ஊத்தியிருப்போமோ?" என்றார் அவர், நாற்காலியைத் தேடியபடி.

ஊரைக் கூட்டாதீங்க என்று அவள் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டாள்.

"புதுசா எடுப்போம் அண்ணா. உங்களோடது, என்னோடது ரெண்டும். சேத்தே ஓட்டுவோம்."

அவர் ஊசி உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தார். அவளே அதை வாங்கி, முதலில் அவர் கையில், நரம்பு தெரிய, ரப்பர் பட்டையைக் கட்டினாள்.