வாய்விட்ட வளையம்

“உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

நகைக்கடையில் நாலு பேர் பார்க்க, மூத்த ஓரகத்தி இளையவளைக் கேட்ட கேள்வி அது. விற்கக் கொண்டுபோன வெள்ளி மாலையைச் செய்தது யார் என்று கடைக்காரம்மா விசாரித்தார். இளையவளுக்குத் தொண்டைவரை வந்த பதில் வெளியே வருவதற்குள், “நான்தாங்க” என்று மூத்தவள் முந்திக்கொண்டாள். இவள் யார் என்று அடுத்துக் கேட்டதற்கு இளையவள் பேந்தப் பேந்த விழித்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி. “சும்மா எடுபிடிங்க” என்று மூத்தவளே பதிலும் சொல்லிவிட்டாள். கடையே சிரித்தது. இளையவளும் பல்லைக் காட்டிவைத்தாள்.

விழுங்கிவிட்டாளே தவிர, செரிக்கவில்லை. இரண்டு வருஷமாக வெள்ளிக் கம்பியைக் குச்சியில் சுற்றி, அறுத்து, கோத்தவள் இவள். பெயர் வாங்கியவள் மூத்தவள். கடைக்காரம்மா தன் கடையின் மாடியறையில் பட்டறை போட்டு அந்தப் பொறுப்பை மூத்தவளிடமே கொடுக்கப்போகிறார் என்று தெரிந்த அன்று, இவள் புது மாலை ஒன்றைக் கோக்க உட்கார்ந்தாள்.

அறுத்த வளையத்துக்கு ஒரு வாய் உண்டு. இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலுமாக, கதவைத் திறப்பதுபோலத் திருகித்தான் திறக்க வேண்டும். மூடினால் முனைகள் உரசி நிற்க வேண்டும். நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிளந்தால் போச்சு, வட்டம் கோணிவிடும். மூத்தவளுக்கு இது தெரியாது. அவள் குறடுகளைத் தொட்டது ஒரே தடவை, சீசா மூடி திறக்க.

புது மாலையில் இருநூறு வளையங்களுக்கு மேல். எல்லாவற்றையும் இறுக மூடினாள். பதக்கத்தைத் தாங்கும் ஒன்றை மட்டும், பதக்கத்தின் மெல்லிய காது நழுவ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திறந்து விட்டாள். கை கூசவில்லை.

மறுநாள் கடையில், கடைக்காரம்மா மாலையைப் பெட்டியிலிருந்து தூக்கியதும் பதக்கம் கண்ணாடி மேசையில் விழுந்து உருண்டது. பரவாயில்லை, மாட்டிக் கொடுங்கள் என்று மூத்தவளிடம் குறடுகளை நீட்டினார்.

“இவ மாட்டுவாங்க.”

“எடுபிடின்னீங்க? செஞ்சவங்க நீங்கதானே, மாட்டுங்க.”

இளையவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூத்தவள் வளையத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தாள். அது கொட்டாவி விட்டது. அமுக்கினாள், முட்டையாகக் கோணியது. பதக்கம் மறுபடி விழுந்தது. கடைக்காரம்மாவின் பார்வை அந்த விரல்களை விட்டு நகரவில்லை.

இளையவள் குறடுகளை வாங்கினாள். புது வளையம், ஒரு திருகு, பதக்கத்தின் காது, ஓர் எதிர்த்திருகு. கடைக்காரம்மா நகத்தை ஓட்டிப் பார்த்தார். தடுக்கவில்லை. மாடியறைச் சாவி மேசைமேல் இளையவள் பக்கமாக நகர்ந்து வந்தது.

அதன் பிறகுதான் அவள் ஓரகத்தியின் காதருகே குனிந்தாள்.

“எனக்கு வாய் இல்லதான்க்கா. அதான் வளையத்துக்கு ஒண்ணு விட்டு வெச்சேன்.”

மூத்தவள் வெடுக்கென்று திரும்பினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய், தள்ள வேண்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு தள்ளித் திறந்து, தெருவில் இறங்கிப் போனாள்.