பீப்பாய் மீது எழுத வேண்டிய பெயர்

1

இந்தக் கதை ஒரு கெட்ட வார்த்தையிலிருந்து பிறந்தது. எங்கள் நாடு ஹெய்த்தி இப்போது பாதுகாப்பாக இருக்கிறதாம். அமெரிக்காவில் தங்க எங்களுக்குக் கொடுத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பை அரசு இனி நீட்டிக்கப் போவதில்லையாம். செய்தியைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னேன். அம்மா அதட்டவில்லை. வெளியே போய்க் காலி நீலப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள்.

(வார்த்தையை இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். போதவில்லை.)

"நான்" என்று எழுதினால் கத்திவிடுவேன். ஆகவே அம்மாவுக்கு கெர்லின், எனக்கு நதேஜ் என்று பெயர் வைத்துவிட்டு எட்ட நிற்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மயாமியின் வெயில் கடல்மேல் தகதகத்த ஒரு...

வேண்டாம். நீங்கள் சுற்றுலா வரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: நிலநடுக்கத்தில் வீடு இடிந்ததும், ஆறு வயது நதேஜைத் தூக்கிக்கொண்டு கெர்லின்...

இதுவும் வேண்டாம். இடிபாட்டைக் காட்டினால்தான் எங்களை நம்புவீர்கள் என்றால் நம்பாமலே இருங்கள்.

மூன்றாவது: கெர்லின் பீப்பாய்க்குள் இரண்டு தட்டுகளை வைத்தாள்.

இது இருக்கட்டும்.

3

வருஷா வருஷம் கெர்லின் ஒரு பீப்பாய் நிரப்புவாள். அரிசி, எண்ணெய், சோப்பு, மீன் டப்பா, செருப்பு. அரிசி மூட்டையின் மேல் ஏறி மிதித்து இடம் உண்டாக்குவாள். எல்லாம் ஊரில் இருந்த தங்கை இத்தானாவுக்கு. பீப்பாயின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவரே அங்கே துறைமுகத்துக்கு வந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

இத்தானாவின் தெருவைத் துப்பாக்கிக்காரர்கள் கொளுத்திய பிறகு அவள் தொலைபேசியில் மணி அடிப்பதே இல்லை.

"யாருக்கும்மா இது?" என்றாள் நதேஜ். "சித்தி எங்க இருக்கான்னே தெரியல."

கெர்லின் தலையணைகளைத் திணித்தாள். அவையும் இரண்டு.

"பக்கத்து வீட்டு ஏவ்னாவ குடியேற்றப் போலீஸ் பஸ் நிறுத்தத்துல புடிச்சாங்கல்ல? சலவைக்கூடத்து ஏப்ரனோட, ரப்பர் செருப்போட ஊர்ல கொண்டுபோய் எறக்கி விட்டுட்டாங்க. மாத்துத் துணிகூட இல்ல. நமக்கு அப்படி ஆகக்கூடாது. சாமான் முன்னாடி போயிடணும்."

"நமக்கா? பாதுகாப்ப எடுக்கக்கூடாதுன்னு கோர்ட்ல கேஸ் நடக்குதும்மா!"

"நடக்கட்டும்டி. கப்பலும் மெதுவாத்தான் போகும்."

"தலைநகருக்கு இங்கருந்து ப்ளேனே போறதில்ல. இந்த கவர்ன்மென்ட்காரன் தன் ஆளுங்கள அங்க போகாதேங்கறான், நம்மள மட்டும் போங்கறான். நீ மூட்டை கட்டறியே, அவன் சொல்றதுக்கு நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி இல்ல?"

"கத்தாத. அந்த வாணலிய எடு."

நதேஜ் வாணலியை எடுத்துக் கொடுத்தாள். இந்த வரியை நான் பலமுறை மாற்றிப் பார்த்தேன். ஒரு வடிவத்தில் அதைச் சுவரில் விட்டெறிந்தாள். இன்னொன்றில் வேறு ஊருக்கு ஓடிவிடலாம் என்று அழுதாள். உண்மையில் எடுத்துத்தான் கொடுத்தாள்.

4

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே கதை எழுதச் சொல்லித் தந்த பேராசிரியை இதைப் படித்துவிட்டு, நம்பிக்கைக் கீற்று எங்கே என்று கேட்டார். சரி.

கீற்று ஒன்று: நீதிபதி தடை போடுகிறார். பதினெட்டு மாதம் மூச்சு விடலாம். பிறகு மறுபடி பீப்பாய்.

கீற்று இரண்டு: ஊரில் நல்லாட்சி வந்து, இத்தானா உயிரோடு...

முடியவில்லை. பேராசிரியைக்கு வேண்டுமானால் அவரே எழுதிக்கொள்ளட்டும்.

5

காலையில் வில்னேர் லாரியோடு வந்தான். ஊருக்குப் போகும் பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றிவிடுவது அவன் பிழைப்பு.

"என்னக்கா, இந்தக் கனம் கனக்குது? பேசாம நீயே உள்ள உக்காந்துக்க, டிக்கெட் மிச்சம்."

"நீ வண்டி ஓட்டற லட்சணத்துக்கு நான் நீந்தியே போய்ச் சேந்துடுவேன்."

அவன் சிரித்தபடியே மூடியை இறுக்கினான். உள்ளே இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டான். மார்க்கர் பேனாவை நீட்டினான்.

"பேரு எழுதணும்க்கா. ஒரு பேருதான்."

"அவ எழுதுவா. படிச்சவ."

"யார் பேரும்மா?" என்றாள் நதேஜ்.

கெர்லின் பீப்பாயின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"நம்ம ரெண்டு பேர்ல யார முதல்ல கொண்டுபோய் எறக்குவாங்களோ, அவ பேர எழுது."

6

எட்ட நிற்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பேனா என் கையில் இருக்கிறது.

அம்மா பெயரை எழுதினால் அவளைப் பிடித்துக் கொடுத்தவள் நானாகிவிடுவேன். என் பெயரை எழுதினால் அவள் இங்கே தனியாகப் பதுங்கிக் கிடப்பாள், நான் அந்தத் துறைமுகத்தில் இரண்டு தட்டோடு நிற்பேன். எழுதாமல் விட்டால் பீப்பாய் யாருக்கும் இல்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அம்மா விடியும் முன்பே பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவள். நான் வாயை அடக்கத் தெரியாதவள். இருவரில் யாரை முதலில் பிடிப்பார்கள்?

பரிதாபப்படாதீர்கள். ஒரு பெயர் சொல்லுங்கள். லாரி கிளம்பப் போகிறது.