ஆடி முடியட்டும்

என் மாமனார் மருதை திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டார். அப்படிப்பட்டவர் சொந்த மகளின் கண் விஷயத்தில் மட்டும், "ஆடி முடியட்டும் மாப்ள, ஆவணியில ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மனைவி மகாலட்சுமியின் இடது இமையில் வந்ததை முதலில் எல்லோரும் கண்கட்டி என்றுதான் நினைத்தோம். அவளும் நாமக்கட்டியை இழைத்துப் பூசிக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்த தன் தையல் கடைக்குப் போய்வந்தாள். அது கரைந்தபாடில்லை. புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸஹ்ரா சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, அபூர்வமான தோல் புற்றுநோய் என்றார். இமையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டதால் கண்ணோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். எவ்வளவு அவசரம் என்பதை அந்தத் துணுக்கில் செய்யும் புரதச் சோதனை சொல்லும் என்றார்.

முடிவு வந்த அன்று மூவரும் போனோம்.

"செல்லை வளரு, பரவுன்னு ஏவி விடுற புரதம் இது. கட்டி சாதுவா இருந்தா கொஞ்சமாத்தான் தெரியும். இவங்களுக்குக் கட்டி முழுக்க அடர்த்தியா இருக்கு," என்றார் டாக்டர்.

"ஆடி முடியற வரைக்கும் தாங்காதாம்மா?" மாமனார் கேட்டார்.

"சாதுவான கட்டின்னா நானே சரின்னு சொல்லியிருப்பேங்க. இது கழுத்துக்கு இறங்கிட்டா உயிருக்கே ஆபத்து."

அவரை ஒரு பிடி பிடிக்கலாமென்று திரும்பினேன். மனுஷர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆடியாவது, ஆவணியாவது! மகளுக்கு இரண்டு கண்ணும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் இழுத்திருக்கிறார். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமையே எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் மகாலட்சுமி. ஜாக்கெட்டுக்கு அளவு சொல்கிற மாதிரி அத்தனை நிதானம்.

வெள்ளிக்கிழமை காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸை நிறுத்தச் சொன்னாள். அப்பாவைக் கிட்டே கூப்பிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, ஏன் உர்ருன்னு நிக்கிறீங்க? கொஞ்சம் சிரிங்க. இந்தக் கண்ணு உங்கள இப்பத்தான் கடைசியாப் பாக்குது."

எப்படியோ சிரித்துவிட்டேன்.